முதல் முறை களி கிண்டுகிறீர்களா? கேழ்வரகுக் களியும் கத்தரிக்காய் கடைசலும்

சமையல் பழக ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் சாம்பாரில் தொடங்குகிறார்கள். நான் களியில் தொடங்கச் சொல்வேன். மாவு, நொய் என்கிற உடைந்த அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் பொருள். ஆனால் தண்ணீர் அளவு, தீயின் அளவு, வெந்ததைக் கையால் அறிவது என்ற மூன்றையும் களி ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடும். எங்கள் வேலூர்ப் பக்கம் களி என்றால் கூடவே கடைசல் இருக்கும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இது இரண்டு பேருக்கான அளவு.

முதலில் கால் டம்ளர் நொய்யைக் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நொய் இல்லையென்றால் பச்சரிசியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு உடைத்துக்கொள்ளலாம். அது ஊறும் நேரத்தில் கடைசலை முடித்துவிடலாம்.

கடைசலுக்குக் கால் கிலோ கத்தரிக்காய் வேண்டும். கிடைத்தால் முள்ளு கத்தரிக்காயே வாங்குங்கள். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இலவம்பாடியில் விளையும் காய் அது. 2023-இல் வேலூர் முள்ளு கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பிலும் அதன் தொப்பியிலும் முள் இருக்கும், அதனால் காயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காம்பை வெட்டுங்கள். நறுக்கிய துண்டுகளை உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும்.

காயோடு ஒரு பெரிய தக்காளி, பத்து சின்ன வெங்காயம், நான்கு பச்சை மிளகாய், நான்கு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம், மஞ்சள்தூள், சுண்டைக்காய் அளவு புளி எல்லாம் சேர்த்து, காய் முக்கால் பாகம் மூழ்கத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். குக்கர் வேண்டாம். முதல் முறை செய்யும்போது காய் குழைவதைக் கண்ணால் பார்ப்பது நல்லது. வெந்ததும் தண்ணீரைத் தனியாக வடித்து வைத்துவிட்டு, உப்பு போட்டு மத்தால் கடையுங்கள். தண்ணீரோடு கடைந்தால் காய் வழுக்கிக்கொண்டே போகும், மசியாது. மிக்ஸியும் கூடாது, விதை அரைந்து கூழாகிவிடும். அங்கங்கே தோல் தட்டுப்படுகிற பதத்தில் நிறுத்தி, வடித்த தண்ணீரை வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளுங்கள். கடலை எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் கடைசல் தயார்.

இனி களி. அடி கனமான பாத்திரத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போடுங்கள். நொய் நன்றாகக் குழைய வேண்டும். அப்புறம் ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். இப்போது கிண்டவே கூடாது. நான் முதல் தடவை மாவைக் கொட்டிய கையோடு கிண்டிவிட்டேன். வெளியே வெந்து உள்ளே பச்சை மாவாக நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். அதை எதுவும் செய்ய முடியவில்லை.

மாவுக் குவியலின் நடுவில், களி கிண்டும் மரத் துடுப்பின் காம்பால் ஒரு குழி போடுங்கள். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் மேலே கொதித்து வந்து மாவை நனைக்கும். தீயைக் குறைத்து மூடி, ஏழெட்டு நிமிடம் விடுங்கள். பச்சை மாவு வாசனை போய், வறுத்த வாசனை போல ஒன்று எழும்பும். அதுதான் கிண்டும் நேரம்.

அடுப்பை அணைத்துப் பாத்திரத்தைக் கீழே இறக்கி வையுங்கள். பழைய வீடுகளில் கவைக்கோலால், அதாவது நுனி இரண்டாகப் பிரிந்த கம்பால், பானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுவார்கள். நீங்கள் தடித்த துணியால் பிடித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யாராவது இருந்தால் பிடிக்கச் சொல்லுங்கள். துடுப்பை ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தி, ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். கை வலிக்கத்தான் செய்யும், ஆனால் பாதியில் விடாதீர்கள். இறுகிப்போனால் வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். எப்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கட்டும், பச்சைத் தண்ணீர் வேண்டாம். மறுபடி அடுப்பில் வைத்து மூடி, சிறுதீயில் மூன்று நிமிடம் விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொடுங்கள். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம். ஒட்டாமல் விரல் பளிச்சென்று வந்தால் இறக்கிவிடலாம். எந்தச் செய்முறையில் என்ன நிமிடக்கணக்கு எழுதியிருந்தாலும் இந்த விரலைத்தான் நான் நம்புவேன். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு மாதிரி தண்ணீர் இழுக்கும். அதனால் உங்கள் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் ஆனது என்று குறித்து வையுங்கள்.

கிண்ணத்தில் தண்ணீர் தெளித்து, சூட்டோடு களியை அதில் போட்டு உருட்டிச் சுழற்றினால் உருண்டை பிடித்துவிடும். தட்டில் வைத்து நடுவில் குழித்து, கடைசலை ஊற்றுங்கள். சின்னதாகக் கிள்ளி, கடைசலில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும்.

மிச்சம் இருந்தால் உருண்டையைத் தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பு போட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கலாம்.