நாயின் ஆசனவாய்ப் பைப் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

நாயின் ஆசனவாய்க்கு இருபுறமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடங்களில், தோலுக்கு அடியில் இரண்டு சிறிய பைகள் உள்ளன. அவற்றில் கசிவு தேங்கும்போது நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அரிதாக, இந்தப் பையின் சுவரிலுள்ள சுரப்பியிலேயே புற்றுநோய் தோன்றுகிறது. நாய்களுக்கு வரும் தோல் கட்டிகளில் இதன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான். பத்து வயதை ஒட்டிய நாய்களிடமும் ஸ்பானியல் இனங்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால்தான் பட்டாணி அளவுக் கட்டிகூடக் கைக்குத் தட்டுப்படும். ஆகவே, நடுவயதைக் கடந்த நாயை ஆண்டுப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லும்போது இந்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. மலம் நாடாபோல் தட்டையாக வருவதும், மலம் கழிக்க நாய் முக்குவதும், இடுப்பெலும்புக்கு மேலுள்ள நிணநீர்க்கணுக்கள் வீங்கி மலக்குடலை அழுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். பையில் முதலில் தோன்றிய கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே இந்தக் கணுக்கள் எலுமிச்சை அளவுக்குப் பெருத்துவிடுவதுண்டு.

கட்டி தெரிந்தவுடன் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வரும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ரத்தத்தின் கால்சியம் அளவு. இந்தக் கட்டி, ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரப்பதால், கணிசமான நாய்களுக்குக் கால்சியம் ஏறிவிடுகிறது. நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், சோர்ந்து படுப்பதும், வாந்தி எடுப்பதும் இதனால் இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் பழுதாகிவிடும். கால்சியம் மிகுந்திருந்தால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் சிரை வழியாகச் சலைன் ஏற்றி அதைக் குறைக்க வேண்டும். நோய் இன்னதென உறுதியாகும் முன் ஸ்டீராய்டு போட அனுமதிக்காதீர்கள். கால்சியத்தை ஏற்றும் இன்னொரு புற்றுநோயான லிம்போமாவை அது தற்காலிகமாக மறைத்துவிடக்கூடும். ஊசி மூலம் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை முடித்த பிறகே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும்.

அறுவையின்போது பையைத் திறக்காமல் கட்டியோடு முழுதாக எடுக்கிறார்கள். பை சுருக்குத் தசைகளுக்கு இடையில் இருப்பதால், கட்டியைச் சுற்றி விரும்பிய அளவுக்கு அகலமாக வெட்ட இடமிருக்காது. சில நாய்களுக்குச் சில நாட்கள் மலக்கட்டுப்பாடு தளரும்; பெரும்பாலும் அது சரியாகிவிடும். வீங்கிய கணுக்களையும் வயிற்றைத் திறந்து எடுக்கலாம். அவற்றை எடுப்பது பலன் தரும் என்பதால், பரவிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. எடுத்த திசுவைக் கட்டாயம் பயாப்சிக்கு அனுப்பி, விளிம்பில் புற்றுச் செல்கள் இருக்கின்றனவா என எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கழுத்துக் கூம்பை அணிவித்து, மருத்துவர் சொன்னபடி மலமிளக்கி கொடுத்து, தையலைப் பிரிக்கும்வரை புண்ணைத் தினமும் பாருங்கள்.

கீமோதெரபி எல்லா நாய்க்கும் தேவையில்லை. கட்டி சிறியதாகவும் பரவாமலும் முழுதாக எடுக்கப்பட்டும் இருந்தால், அதனால் கூடுதல் பலன் உண்டா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. கணுக்களுக்குப் பரவியிருந்தால் அதிகம் பேசப்படுவது கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாக நான்கு முதல் ஆறு முறை, சிரை வழியாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் மருந்துக்கு முன் ரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது குறைவாக இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதே சரி. மருந்து ஏறிய இரண்டாவது வாரத்தை ஒட்டி வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்து காய்ச்சலும் அடித்தால், மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மனிதர்களைப்போல் நாய்களுக்கு முடி கொட்டிப்போவதில்லை. பூடில் போன்று தொடர்ந்து முடி வளரும் இனங்களே விதிவிலக்கு.

மருந்து ஏறிய பின் இரண்டு, மூன்று நாட்கள் சிறுநீரையும் மலத்தையும் வாந்தியையும் கையுறை போட்டே அப்புறப்படுத்துங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் அந்த வேலையில் ஈடுபடுத்தாதீர்கள்.

சிகிச்சை முடிந்தபின் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் கால்சியமும் வயிற்று ஸ்கேனும் தேவை. இறங்கியிருந்த கால்சியம் மறுபடி ஏறினால், கண்ணுக்கோ கைக்கோ எதுவும் அகப்படாவிட்டாலும், நோய் எங்கோ திரும்பியிருக்கிறது என எடுத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். கணுவில் அகப்பட்டால் இரண்டாம் முறையும் அறுவை செய்ய முடியும்.