நாற்றுக்குக் கடையில் வாங்கும் தொட்டி மண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளின் நர்சரிகளிலும் உரக்கடைகளிலும் பையில் கிடைக்கும் தொட்டி மண் கலவை, பெரும்பாலும் வளர்ந்த செடியைத் தொட்டியில் வைப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. அதனால் அதில் மண்புழு உரமும் தொழு உரமும் தாராளமாக இருக்கும். விதைக்கோ முளையின் முதல் இலையான வித்திலை விரியும் வரை வேண்டிய உணவு தன்னிடமே இருப்பதால் அந்த உரம் தேவையில்லை; அதிலுள்ள உப்பு, இளம் வேரின் நுனியைக் கருக்கவும் கூடும். எனவே பையைப் பிரித்தவுடன் அப்படியே கப்பில் நிரப்பி விதைப்பதுதான் முதல் தவறு. கலவையைச் சலித்துக் கட்டிகளை நீக்கி, அதே அளவு அலசிய தென்னை நார்க்கழிவு சேர்த்துக்கொள்வது நல்லது. புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோ வந்தால் எரு இன்னும் மக்கி முடியவில்லை என்று பொருள். அந்தப் பையை விதைப்புக்குத் தொடவே வேண்டாம்.

நார்க்கழிவிலும் ஏமாற இடமுண்டு. ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு பெற்ற குமரி மாவட்டத்தில் கோகோபீட் எனப்படும் இந்த நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையென்றால் கேட்கவே வேண்டாம். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் முதலில் பால் சேர்க்காத கட்டன் சாயா நிறத்தில் நீர் வடியும். அந்த நிறம் தெளிந்துவிட்டால் உப்பும் போய்விட்டது என்று எண்ணுவது தவறு, ஏனெனில் நாரில் பற்றிக்கொண்டிருக்கும் சோடியம் வெறும் நீருக்கு முழுவதும் விட்டுக்கொடுப்பதில்லை. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மீண்டும் அலசினால்தான் பெரும்பகுதி வெளியேறும். கடற்கரையோர ஊர்களில் கிணற்றுநீரே உப்புக் கரித்தால், அதில் எத்தனை முறை அலசியும் பயனில்லை. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்கு நேரமில்லாதவர்கள், உறையில் ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) அளவு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் குறைவு என்று அச்சிட்ட நார்க்கழிவுக் கட்டியை, விலை சற்றுக் கூடினாலும் வாங்கலாம்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் நாற்றுகள் வறட்சியால் சாவதைவிட ஈரத்தால் சாவதே அதிகம் என்று சொல்வேன். நார்க்கழிவு கலந்த கலவையின் மேற்பரப்பு வெளுத்துக் காய்ந்திருக்கும்போதே அடியில் நீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் பித்தியம், ரைசோக்டோனியா பூஞ்சைகளுக்கு வாய்ப்பாகி, மண்ணை ஒட்டிய தண்டு நூல்போல் சுருங்கி நாற்று சாய்ந்துவிடும். கப்பைக் கையில் தூக்கி, கனம் குறைந்த பிறகே நீர் விட வேண்டும். விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கொண்டு விதை நேர்த்தி செய்வதும் காக்கும்.

கடைக் கலவையே வேண்டாமென்று தோட்டத்துச் செம்மண்ணை அள்ளி நிரப்புவது எதிர்ப்பக்கத் தவறு. சிறிய கப்பில் அந்த மண் இறுகி வேரை முடக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் தங்கும் பாக்டீரியா வாடல் நோய்; தக்காளியும் கத்தரியும் இலை பழுக்காமலேயே திடீரென்று துவண்டுவிடும். துவண்ட செடியின் தண்டை அறுத்துத் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டால், வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழை இறங்குவதைக் காணலாம். இந்நோய் கண்ட தோட்டத்துக்கு, மண் சேராத கலவையில் எழுப்பிய நாற்றே பாதுகாப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் குழித்தட்டுப் பரிந்துரையிலும் மண்ணே இல்லை: நுண்ணுயிர் நீக்கிய நார்க்கழிவு 300 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ, நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 1 கிலோ. 98 குழிகள் கொண்ட ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ கலவை போதுமாதலால், வீட்டுத் தேவைக்குப் பெரிய பை வாங்கி மழையில் நனையவிடுவது வீண்செலவு.

அலசிய நார்க்கழிவில் தழைச்சத்து அநேகமாக இல்லை என்பதால், வித்திலைக்குப் பின் இரண்டு இலைகள் வந்ததும் நீர்த்த உரக்கரைசலைத் தொடங்கிவிட வேண்டும். இதை மறந்தால் நாற்று வெளிறி நின்றுவிடும். நாற்று அழுகிய கப்பின் கலவையைத் திரும்ப விதைப்புக்கு எடுக்காமல் வாழை மூட்டில் கொட்டிவிடலாம்.