புருவ நடுவே இரண்டு கோடுகள்

திருப்பரங்குன்றத்திலிருந்து சிம்மக்கல்லுக்குப் பதினைந்து வருடமாக ஸ்கூட்டரில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியே போய்வருகிறேன். புருவ நடுவில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. விபூதி பூசினால் அந்தப் பள்ளத்தில் தனியாகத் தங்கும். ‘யார்மேல் கோபம் அத்தை?’ என்பாள் அண்ணன் மகள். அழகு நிலையமொன்றில் ஏதோ பூசி முகம் எரிந்ததுதான் மிச்சம்.

பிறகு தோல் மருத்துவர் போடாக்ஸ் ஊசி போட்டார்: ஐந்து இடங்களில், மொத்தம் 20 யூனிட். எறும்புக் கடி அளவு வலி. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை மருந்து தடுப்பதால் புருவம் நெரியாது. நான்கு மணி நேரம் படுக்கவோ தேய்க்கவோ கூடாதாம்; மதியத் தூக்கம் போனதுதான் பெரிய வேதனை. நான்காம் நாள் புருவத் தசை இளகியது, இரண்டு வாரத்தில் கோடு மங்கியது. மருந்து மூன்று, நான்கு மாதம்தான் தாங்கும். அதற்குள் கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் வாங்கிவிட்டேன்.