மதுரையிலிருந்து கொடைக்கானல்: பிள்ளைகளோடு அரசு பஸ்ஸில் வாந்தியில்லாமல் போவது எப்படி?

ஏற வேண்டிய இடம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட், மாட்டுத்தாவணி அல்ல. தூரம் சுமார் 120 கிலோமீட்டர். நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள்; வெயில் ஏறிய பிறகு வத்தலக்குண்டு வரைக்குமே பிள்ளைகள் வாடிவிடும்.

டிக்கெட்: 5 வயது வரை இலவசம், அதற்கு மேல் 12 வரை அரை டிக்கெட். அஞ்சு வயசுப் பிள்ளை கொஞ்சம் வளர்த்தியாக இருந்தால் கண்டக்டர் கேட்பார். ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். பெண்களுக்கான இலவசப் பயணம் இந்த பஸ்ஸுக்குக் கிடையாது.

இனி முக்கியமான வேலை, சீட் பிடிப்பது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், மூணாவது வரிசையிலிருந்து ஆறாவதுக்குள் உட்காருங்கள். கடைசி சீட் காலியாகக் கிடந்தாலும் வேண்டாம். பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. கொண்டை ஊசி வளைவில் அதிகம் வீசுவதும் தூக்கிப் போடுவதும் அங்கேதான். நடு சீட் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பது மேல். வத்தலக்குண்டில் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சீசனில் அங்கே பஸ் நிரம்பித்தான் வரும். பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றபடி மலையேற முடியாது.

சாப்பாடு, கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பு. இட்லி இரண்டு போதும். பூரி, வடை, வயிறு முட்டப் பால் மூன்றும் கூடாது. வெறும் வயிறும் குமட்டும். அவோமின் என்ற வாந்தித் தடுப்பு மாத்திரை கொடுப்பதென்றால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வண்டி ஏற ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்ட மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது.

காட்ரோடு என்கிற இடத்தைத் தாண்டி மலை தொடங்கியதும் செல்போனை வாங்கிப் பைக்குள் போடுங்கள். காதுக்குள் இருக்கும் உறுப்பு வண்டி திரும்புவதை உணர்கிறது, திரையிலேயே இருக்கும் கண் அதைப் பார்ப்பதில்லை. இந்த முரண்பாடுதான் குமட்டல். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கினால் இன்னும் நல்லது.

வாந்திக்கு கேரிபேக் வேண்டாம். ஓட்டை இருக்கும், மடியில் ஒழுகும். மூடி உள்ள ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாதான் சரி. உள்ளே கிழித்த செய்தித்தாள் ஒரு கைப்பிடி. வாந்தி எடுத்ததும் மூடி போட்டால் நாற்றம் அடங்கும். பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கும் குமட்டல் வராது. ஜன்னல் வழியே தலையை நீட்டி எடுக்க விடாதீர்கள், வளைவில் எதிர் பஸ் உரசுகிற மாதிரித்தான் வரும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு.

பின்சேர்க்கை: பலர் கேட்டது இ-பாஸ், அதாவது மலைக்கு வண்டி கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் அனுமதி. 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகிற கார், வேன் போன்ற வண்டிகளுக்குத்தான் அது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. மலை இறங்கும்போது காது அடைத்துப் பிள்ளை அழுகிறது என்கிறார்கள். எச்சில் விழுங்கினால் காது திறக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், பெரியதுக்கு இஞ்சி மொரப்பாவோ புளிப்பு மிட்டாயோ கொடுங்கள்.