கனவு மல்யுத்த அணி: ஆள் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்த்ரே தி ஜெயண்ட், ஹல்க் ஹோகன், அண்டர்டேக்கர், கோல்ட்பெர்க், அல்டிமேட் வாரியர். எல்லாக் காலத்துத் தொழில்முறை மல்யுத்த வீரர்களிலிருந்தும் ஐவரைப் பொறுக்கி ஒரு கற்பனைக் கனவு அணி அமைக்கச் சொன்னால் பலருக்கும் முதலில் வாயில் வருவது ஏறக்குறைய இந்தப் பட்டியல்தான். என்னுடைய முதல் அணியும் இதுவே. பெரியப்பா மகன் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சரிடா, பத்தாவது நிமிஷத்துல ரிங்குக்குள்ள யாரு நிப்பா?”

நல்ல கேள்வி. கோல்ட்பெர்க்குக்குப் பேர் வாங்கித் தந்த வெற்றிகள் பலவும் ஓரிரு நிமிடங்களில் முடிந்தவை. 2016-ன் சர்வைவர் சீரிஸ் என்ற நிகழ்ச்சியில் பிராக் லெஸ்னரை அவர் வீழ்த்தியது 86 விநாடிகளில். வாரியர் ரிங்குக்குள் ஓடி வந்து கயிறுகளை உலுக்குவதிலேயே பாதி மூச்சைச் செலவழித்துவிடுவார். என் ஐவரில் நான்கு பேர் ஒரே வேலையைச் செய்பவர்கள்: எதிராளியைத் தூக்கு, கீழே போடு, முடித்துவிடு. அது பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

அன்றிலிருந்து நான் ஆள் பார்ப்பதற்கு முன்னால் வேலையைப் பார்க்கிறேன். அடியைத் தாங்கி நேரத்தை ஓட்ட ஒருவர். பிடி போட்டு எதிராளியின் காலையோ முதுகையோ பழுதாக்க ஒருவர். ஓடிக்கொண்டே இருந்து எதிரணிக்கு மூச்சு வாங்க வைக்க ஒருவர். தூக்கி வீச ஒருவர். இந்த நால்வரையும் சரியான நேரத்தில் மாற்றி மாற்றி உள்ளே விட, தலை நிதானமாக வேலை செய்யும் ஒருவர். இந்த ஐந்து வேலைகளில் எது விடுபட்டாலும் அணி அந்த இடத்தில்தான் உடையும்.

எந்தச் சண்டை என்றே முடிவு செய்யாமல் தொடங்குவது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கற்பனைச் சண்டை என்றாலும் அதற்கு விதி வேண்டும். ஐவருக்கு ஐவர் எலிமினேஷனா (தோற்பவர் ஒவ்வொருவராக வெளியேறுவது), ராயல் ரம்பிளா (மேல் கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே தள்ளுவது), கூண்டுக்குள் நடக்கும் வார் கேம்ஸா? இல்லை, வழக்கம்போல் முடிவை முன்கூட்டியே கதையாக எழுதிவைப்பவர் யாரும் இல்லாத நிஜ அடிதடியா?

விதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் முகமது அலியும் அந்தோனியோ இனோக்கியும் மோதியதைப் பாருங்கள். குத்துச்சண்டையின் உச்சத்தில் இருந்த ஒருவர், ஜப்பானிய மல்யுத்தத்தின் பெரும் நட்சத்திரம் இன்னொருவர். 15 சுற்றுகள். இனோக்கி பெரும்பாலான நேரம் தரையில் மல்லாந்து கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். முடிவு சமநிலை. இருவரின் திறமையையும் விட, எது செல்லும் எது செல்லாது என்ற கட்டுப்பாடுகள்தான் அந்த ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தன.

1998-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிறுவனம் ‘பிரால் ஃபார் ஆல்’ என்று ஒரு போட்டி நடத்தியது. முடிவு எழுதப்படாத, நிஜக் குத்து. கல்லூரி மல்யுத்தத்தில் பெயரெடுத்த ‘டாக்டர் டெத்’ ஸ்டீவ் வில்லியம்ஸ் ஜெயிப்பார் என்றுதான் பரவலாக எதிர்பார்த்தார்கள். அவரை நாக் அவுட் செய்து, கடைசியில் போட்டியையும் வென்றவர் பார்ட் கன். ஜோடியாக ஆடும் டேக் டீம் ஆட்டக்காரராகவே அதுவரை அறியப்பட்டவர். ஆனால் அதே பார்ட் கன்னை அடுத்த ஆண்டு ரெஸில்மேனியாவில் பட்டர்பீன் என்ற குத்துச்சண்டை வீரருக்கு எதிரே நிறுத்தியபோது 35 விநாடிகளில் விழுந்துவிட்டார். ஆள் மாறவில்லை, களம் மாறியது. ‘பார்ட் கன்னை எடுக்கலாமா?’ என்று யாராவது கேட்டால், எந்தச் சண்டைக்கு என்று தெரியாமல் நான் பதில் சொல்லமாட்டேன்.

பழைய வார் கேம்ஸ் என்றால் கணக்கே வேறு. அடுத்தடுத்து இரண்டு ரிங், மேலே கூரையோடு ஒரே கூண்டு, ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். பின் (தோள்களைத் தரையில் அழுத்தி வெல்வது) கிடையாது, யாராவது ஒருவர் ‘போதும்’ என்று சொன்னால் மொத்த அணியும் தோற்றது. டஸ்டி ரோட்ஸின் யோசனையில் பிறந்த இந்த ஆட்டம் முதன்முதலில் 1987 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் நடந்தது. ரிக் ஃபிளேர், ஆர்ன் ஆண்டர்சன், டல்லி பிளான்சார்ட், லெக்ஸ் லூகர் என்று மலைபோல் நால்வர் இருந்த ஃபோர் ஹார்ஸ்மென் அணி அதில் தோற்றது. காரணம், ஐந்தாவது ஆளாக உள்ளே நின்றவர் அவர்களுடைய மேனேஜர் ஜே.ஜே. டில்லன். எதிரணி நேராக அவரைப் பிடித்தது. வலி தாங்காமல் சரணடைந்தார். இந்த வகை ஆட்டத்தில் உங்கள் அணியின் பலம் உங்கள் ஆகச் சிறந்த வீரரின் பலம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆகப் பலவீனமானவர் எவ்வளவு தாங்குவார் என்பதுதான் கணக்கு. மேனேஜர் வேண்டும், கட்டாயம் வேண்டும். பாபி ஹீனன், பால் ஹேமன் மாதிரி ஒருவர் வெளியே நின்றால் அது பாதி வீரருக்குச் சமம். ஆனால் கூண்டுக்கு வெளியே.

கதையையும் நிஜத்தையும் கலப்பது

அண்டர்டேக்கர் செத்துப் பிழைப்பவர், எவ்வளவு அடித்தாலும் நிமிர்ந்து உட்காருவார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. அப்படியானால் எதிரணியில் இருக்கும், அதே மாதிரிப் பாத்திரமான கேனுக்கும் அதே சலுகையைத் தர வேண்டும். நம் ஆளுக்கு மட்டும் மாய சக்தி, எதிராளிக்கு மட்டும் நிஜ உடம்பு என்று வாதாடுவது ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

நிஜச் சண்டை என்று முடிவு செய்துவிட்டால் சாம்பியன் பெல்ட் கணக்கை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். பெல்ட் யாருக்கு என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. கூட்டத்தை யார் அதிகம் ஈர்க்கிறார் என்பதற்கான அளவுகோல் அது. ஹாகு என்ற வீரர் உலக ஹெவிவெயிட் பெல்ட்டை ஒருமுறைகூட இடுப்பில் கட்டியதில்லை. ஆனால் உண்மையான அடிதடி என்று வந்தால் யாரிடம் மோத மாட்டீர்கள் என்று பழைய வீரர்களைக் கேட்டால், திரும்பத் திரும்ப வரும் பெயர் அவருடையது. அவரோடு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள், 2000-ல் அமெரிக்கக் கல்லூரி ஹெவிவெயிட் சாம்பியனாகி 2008-ல் யூ.எஃப்.சி. (முடிவு எழுதப்படாத கலப்புச் சண்டைப் போட்டி) பட்டமும் வென்ற பிராக் லெஸ்னர், யூ.எஃப்.சி.யின் ஆரம்ப காலத்திலேயே சாம்பியனாக இருந்த கென் ஷாம்ராக். நிஜ அணிக்கு இந்த நால்வரை விட்டுவிட்டு வேறு பெயரிலிருந்து தொடங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஐந்தாவதாக, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வென்ற ரோண்டா ரௌஸியைப் பற்றி யோசிப்பவர்கள் மிகக் குறைவு. பெண்களைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுவதும் ஒரு தவறுதான். 1999 ராயல் ரம்பிளில் சைனா என்ற வீராங்கனை உள்ளே வந்து மார்க் ஹென்றியையே கயிற்றுக்கு வெளியே தள்ளியதைப் பார்த்தவர்கள் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள்.

வருடம் சொல்லாமல் பெயர் மட்டும் சொல்வது

‘ஆந்த்ரே’ என்று சொன்னால் போதாது. 1987 ரெஸில்மேனியாவில் ஹோகன் தூக்கிப் போட்ட ஆந்த்ரே முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நிற்பதற்கே சிரமப்பட்ட மனிதர். 1970-களின் ஆந்த்ரே வேறு ஆள். அந்த உடம்போடு லாகவமாக நகர்ந்தவர். அணியில் பழைய ஆந்த்ரேயை எழுதிவிட்டு, மனதுக்குள் 1987 காட்சியை ஓட்டிக்கொண்டிருக்கிறோம் பலர்.

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினும் அப்படித்தான். 1997 ஆகஸ்ட்டில் சம்மர்ஸ்லாமில் கழுத்தில் பட்ட அடிக்கு முன்னால் அவர் அருமையான நுட்ப ஆட்டக்காரர். பிடிகளும் எதிர்ப்பிடிகளும் சரளமாக வரும். அதற்குப் பிறகு கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள, குத்தும் உதையுமாக அடித்து நொறுக்கும் பாணிக்கு மாறினார். புகழ் உச்சத்துக்குப் போனது இரண்டாவது ஆஸ்டின்தான். உங்கள் அணிக்குத் தேவை பிடி போடும் ஆளா, அடித்து நொறுக்கும் ஆளா என்பதைப் பொறுத்து எந்த ஆஸ்டின் என்று எழுதுங்கள்.

உயரம், எடையை மட்டும் பார்ப்பது

டிரம்ப் கார்டு விளையாடிய பழக்கம் இது. அட்டையில் எடை அதிகம் என்றால் வெற்றி நமக்கு. அந்த எண்களையே முழுதாக நம்ப முடியாது. ரிங் அறிவிப்பாளர் சொல்லும் உயரம் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவே இருக்கும்.

2001 ராயல் ரம்பிளில் கேன் 11 பேரை வெளியே தள்ளினார். ஆனால் கடைசியில் அவரையே வெளியேற்றி ஜெயித்தவர் ஆஸ்டின். 2006 ரம்பிளில் இரண்டாவது ஆளாக உள்ளே வந்த ரே மிஸ்டீரியோ, 5 அடி 6 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டவர், ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடித்து வென்றார். இதெல்லாம் எழுதி வைத்த முடிவுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் ஒரு மணி நேரம் ரிங்கில் ஓடியது எழுதி வைத்ததல்ல, அந்த நுரையீரல் நிஜம்.

அதற்காக ராட்சதர்களே வேண்டாம் என்பதில்லை. அவர்களை எப்போது இறக்குவது என்று தெரிய வேண்டும். 1987-ல் நடந்த முதல் சர்வைவர் சீரிஸை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இந்த ஒரு பாடத்துக்காகவே. ஆந்த்ரே அணிக்கும் ஹோகன் அணிக்கும் மோதல். ஹோகன் ரிங்குக்கு வெளியே சண்டை போட்டுக்கொண்டிருந்து, நடுவரின் எண்ணிக்கை முடிவதற்குள் உள்ளே வராமல் கவுன்ட் அவுட் ஆனார். மிச்சம் இருந்த பாம் பாம் பிகலோ தனியாளாக மூன்று பேரை எதிர்கொண்டார். கிங் காங் பண்டியை வீழ்த்தினார், ஒன் மேன் கேங்கையும் வீழ்த்தினார். அதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. அப்போது எதிரே வந்து நின்றவர் ஆந்த்ரே. முதுகு பழுதான அதே 1987 ஆந்த்ரே! களைத்துப்போனவர் முன்னால் அவர் போதுமானவராக இருந்தார். ராட்சதரை முதலில் இறக்கினால் எதிரணி அவரைச் சுற்றி ஓடியே சோர வைத்துவிடும். கடைசிவரை மூலையில் பத்திரமாக வைத்திருந்தால் அவர் சுவர்.

அணியோடு ஒத்துப்போகாத நட்சத்திரங்களைக் குவிப்பது

கிறிஸ் ஜெரிக்கோ எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர். ஆனால் ஐவர் அணியில் எடுக்கத் தயங்குவேன். 2001 சர்வைவர் சீரிஸில் நிறுவனத்தின் எதிர்காலமே பணயம் என்ற கதையில், தான் வெளியேறியவுடன் சொந்த அணியின் தி ராக்கையே தாக்கினார். 2010 சம்மர்ஸ்லாமில் நெக்ஸஸ் என்ற குழுவுக்கு எதிரான எழுவர் அணியில் இருந்தபோதும் எட்ஜோடு சேர்ந்து ஜான் சீனாவைத் தாக்கினார். கதைக்குள் நடக்கும் சண்டை என்றால் கதைக்குள் இருக்கும் குணமும் கணக்கில் வரும். ஹோகனும் ரேண்டி சாவேஜும் சேர்ந்த மெகா பவர்ஸ் கூட்டணி பொறாமையிலேயே உடைந்தது.

எதிர்ப்பக்கம் 2014-ஐப் பாருங்கள். டிரிபிள் ஹெச், ரேண்டி ஆர்ட்டன், பாட்டிஸ்டா சேர்ந்த எவல்யூஷனிடம் இருந்த உலகப் பட்டங்களை எண்ணவே நேரம் பிடிக்கும். ரோமன் ரெய்ன்ஸ், செத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸ் சேர்ந்த ஷீல்டில் அப்போது ஒருவர்கூட டபிள்யூ.டபிள்யூ.இ.யில் (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) உலகப் பட்டம் வென்றதில்லை. பேபேக் நிகழ்ச்சியில் நடந்த எலிமினேஷன் ஆட்டத்தில் ஷீல்டு ஓர் ஆளைக்கூட இழக்காமல் ஜெயித்தது. ஒருவர் விழும்போது இன்னொருவர் எங்கே நிற்க வேண்டும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாளே ராலின்ஸ் நாற்காலியை எடுத்துக் கூட்டாளிகளை அடித்தார். எனவே ஷீல்டை எடுப்பவர்கள் வருடத்தோடு தேதியையும் எழுதிக்கொள்வது நல்லது.

எலிமினேஷன் ஆட்டத்துக்கு என் இப்போதைய அணி: அணியை நடத்த 1987-ன் ஆர்ன் ஆண்டர்சன், பிடி போட 2001-ன் கர்ட் ஆங்கிள், ஓட 2006-ன் ரே மிஸ்டீரியோ, கடைசிவரை மூலையில் நிற்க 1974-ன் ஆந்த்ரே, அடி தாங்க 1998-ன் மிக் ஃபோலி. கூண்டின் உச்சியிலிருந்து அறிவிப்பாளர் மேசைமேல் வீசப்பட்டு, எழுந்து மறுபடியும் அதே கூண்டில் ஏறிய மனிதர். வெளியே பாபி ஹீனன்.

பெரியப்பா மகன் இந்த அணியில் ஒரே ஒரு மாற்றம் கேட்கிறார்: ஆர்ன் ஆண்டர்சனுக்குப் பதில் பிரெட் ஹார்ட். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரெட்டின் வேலையை ஆங்கிள் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறார். தான் ஜெயிப்பதைவிட டேக் (கூட்டாளியின் கையைத் தட்டி அவரை உள்ளே விடுவது) எப்போது கொடுக்க வேண்டும் என்பதைப் பெரிதாக நினைக்கும் ஆள் ஆர்ன் மட்டும்தான்.