காய்ச்சல் நாளில் சர்க்கரை நோயாளியைக் கவனிக்கும் முறை

தீபாவளி முடிந்து தில்லியில் புகைமூட்டம் கவிந்துவிட்டால், மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் உள்ள நம்மவர் வீடுகளில் இருமல் சத்தம் ஓய்வதில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு வரும் வைரஸ் காய்ச்சலை வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது.

இன்ஃப்ளுயன்சா, கோவிட் போன்ற தொற்றின்போது மிகுதியாகச் சுரக்கும் கார்ட்டிசால், அட்ரினலின் முதலிய ஹார்மோன்கள், கல்லீரலில் உள்ள குளுக்கோஸை இரத்தத்தில் சேர்ப்பதோடு இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குவதால், ஒரு வாய் சோறு உண்ணாதவருக்கும் சர்க்கரை ஏறலாம். ஏறிய சர்க்கரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களைத் தளர்த்துகிறது. “ஒன்றும் சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு?” என்று வீட்டார் கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நீங்களாக நிறுத்தவே கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியின் அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

4 மணி நேரத்திற்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். விரலைச் சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். பழச்சாறு ஒட்டிய விரல் பொய்யான அளவைக் காட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை உண்பவர், வாந்தி எடுத்தாலோ உணவு இறங்காவிட்டாலோ அதை நிறுத்துவது குறித்து அன்றே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஏனெனில் சர்க்கரை அதிகம் ஏறாமலே, உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடக் கூடும். உடலில் நீர் வற்றினால் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

சுக்குமல்லிக் காபியில் இடும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைதான். இருமல் மருந்தைச் சர்க்கரை சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். உணவு பிடிக்காவிட்டால் ரசம் சாதத்தையோ கஞ்சியையோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தரும் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை எத்தனை கண்களைப் பறித்தது என்பதை 2021இல் பார்த்தோம்.

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருப்பவருக்கு 3 தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். 300க்கு மேலேயே நின்றாலும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், வாந்தி நிற்காவிட்டாலும், மயக்கம் தட்டினாலும் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்காதீர்கள்.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துகளின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் ஆட்டோவில் அழைத்துச் செல்லும் பக்கத்து வீட்டாருக்குத் தமிழ் தெரிந்திருக்காது.