மேனுவல் இல்லாத செஸ் கம்ப்யூட்டரை ஓட்டுவது எப்படி?

எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு பழைய சைட்டெக் செஸ் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது, மேனுவல் கிடையாது. ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்துத்தான் அதைப் பழகினோம். உங்கள் அலுமாரி மேலும் அப்படி ஒன்று கிடந்தால் இந்தப் பதிவு உதவும். காய்கள் எப்படி நகரும் என்பது தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சொல்வது கட்டத்தை அழுத்தி விளையாடும் வகை. கட்டங்களிலோ பலகையின் ஓரங்களிலோ சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். 1977இல் ஃபிடெலிட்டி கம்பெனி விட்ட முதல் செஸ் சேலஞ்சர் என்ற செஸ் கம்ப்யூட்டரில் நகர்வைப் பட்டன்களில் தட்டித்தான் சொல்ல வேண்டும். பலகையையே அழுத்தும் வசதி அதற்குப் பிறகு வந்தது. சைட்டெக், நோவாக், மெஃபிஸ்டோ என்று எந்தப் பிராண்டாக இருந்தாலும் பட்டன்களின் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

முதலில் கரண்ட்

அல்கலைன் பேட்டரி போடுங்கள். மலிவான பேட்டரி சீக்கிரம் கசிந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும். அடாப்டர் என்றால் வோல்ட் மட்டும் பொருந்தினால் போதாது. பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியில் ஒரு சின்னப் படம் இருக்கும், அடாப்டரிலும் அதே படம் இருக்க வேண்டும். இது மாறினால் மெஷின் ஒரேயடியாகப் போய்விடலாம். நம் பக்கம் ஏப்ரலிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடி இறங்கும். அந்த மாதங்களில் நான் அடாப்டரைத் தொடுவதே இல்லை, பேட்டரி மட்டும்தான்.

பேட்டரி போட்டும் அசையவில்லையா? பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஏசிஎல் (ACL) என்று எழுதிய ஒரு சின்னத் துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் ஒரு விநாடி அழுத்தி எடுங்கள். பழைய நினைவெல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

அப்புறம், காய்களை அடுக்கியதும் நியூ கேம் பட்டனை அழுத்த மறக்காதீர்கள். நிறுத்தி வைத்தாலும் பல மாடல்கள் பழைய ஆட்டத்தை ஞாபகத்தில் வைத்திருக்கும்.

மெஷினுக்குக் கண் இல்லை

"சேர், மெஷின் பீப் அடிச்சுக்கிட்டே இருக்கு." ஒவ்வொரு புதுப் பிள்ளையும் இதைத்தான் முதலில் சொல்லும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பலகையில் எந்தக் காய் எங்கே நிற்கிறது என்பது இந்த வகை மெஷினுக்குத் தெரியாது. நீங்கள் எந்தக் கட்டத்தை அழுத்தினீர்கள் என்பது மட்டும்தான் தெரியும், அதை வைத்துத் தன் நினைவில் ஒரு பலகையை ஓட்டுகிறது. உங்கள் பலகையும் அதன் நினைவும் பிரிந்துவிட்டால் நீங்கள் எதைச் செய்தாலும் பீப்தான்.

ஆகவே ஈ2இல் உள்ள (வெள்ளை ராஜாவுக்கு நேர் முன்னால் நிற்கும்) சிப்பாயை நகர்த்துவதென்றால், அந்தக் கட்டத்தைக் காயாலேயே மெதுவாக அழுத்துங்கள். பீப் கேட்ட பிறகு தூக்கி ஈ4இல் வைத்து மறுபடி அழுத்துங்கள். மெஷின் தன் நகர்வை விளக்கில் காட்டும்போதும் இதே போல இரண்டு கட்டங்களையும் அழுத்தியாக வேண்டும். பிள்ளைகள் விடுவது இதைத்தான். காயை எடுத்து வைத்துவிட்டு அழுத்தாமல் தங்கள் நகர்வுக்குப் போய்விடுகிறார்கள். கட்டம் மாறி அழுத்திவிட்டால், பெரும்பாலான மாடல்களில் அதே கட்டத்தை இன்னொரு முறை அழுத்தினால் ரத்தாகும்.

கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் நகர்த்துங்கள். ஈ1, ஜி1 என்று அழுத்தியதும் மெஷின் புரிந்துகொண்டு யானையின் கட்டத்தைக் காட்டும். யானையை முதலில் அழுத்தினால் அது வெறும் யானை நகர்வு என்று எடுத்துக்கொள்ளும். வழியில் வைத்துச் சிப்பாயை வெட்டும் ஆன்பஸான் நகர்விலும், வெட்டுப்பட்ட சிப்பாய் நின்ற கட்டத்தைத் தனியாக அழுத்த வேண்டியிருக்கும்.

பலகையும் நினைவும் பிரிந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் ஆட்டத்தைக் கலைக்காதீர்கள். குதிரை, யானை, ராணி என்று காய்ப் படம் போட்ட பட்டன்கள் இருக்கும் மாடல்களில் ஒன்றை அழுத்துங்கள். அந்தக் காய் எந்தெந்தக் கட்டத்தில் நிற்பதாக மெஷின் நினைக்கிறதோ அங்கே விளக்கு எரியும். அதைப் பார்த்து உங்கள் காய்களைத் திருத்தி வையுங்கள். எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

லெவல்

லெவல் பட்டனை அழுத்திவிட்டு ஒரு கட்டத்தை அழுத்தினால் அதற்குரிய லெவல் அமையும். 64 கட்டம், 64 லெவல் என்று வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. ஒரு நகர்வுக்கு இத்தனை விநாடி என்பது ஒரு வகை. எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்துவது இன்னொரு வகை. தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் அது புதியவரை அடித்துவிடும். ஆழத்தைக் குறைத்தால்தான் அதுவும் காயைக் கோட்டைவிடும், பிள்ளைக்கும் ஜெயிக்க ஒரு வழி கிடைக்கும்.

வரம்பில்லாத நேரம் என்றும் ஒரு லெவல் இருக்கும். கை தவறி அதில் விழுந்தால் மெஷின் யோசித்துக்கொண்டே இருக்கும். பழுதாகிவிட்டது என்று மூடி வைக்காதீர்கள். மூவ் அல்லது ப்ளே பட்டனை அழுத்தினால் அதுவரை கண்டதில் நல்ல நகர்வை ஆடிவிடும்.

டேக் பேக், ஹின்ட்

ஆடிய நகர்வைத் திரும்ப எடுக்கும் டேக் பேக்கைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ராணியை இழந்த பிள்ளை இரண்டு நகர்வு பின்னால் போய் வேறு வழி தேடுவதுதான் உண்மையான படிப்பு. வெட்டுப்பட்ட காயைத் திரும்ப வைக்கும்போது அதன் கட்டத்தையும் அழுத்துங்கள். என்ன ஆடலாம் என்று சொல்லித் தரும் ஹின்ட் பட்டனை அழுத்தப் பிள்ளைகளை நான் அவ்வளவாக விடுவதில்லை. காரணம் சொல்லாமல் விடை மட்டும் தருகிறது.

கறுப்பில் ஆட வேண்டுமா? தொடக்கத்திலேயே மூவ் பட்டனை அழுத்துங்கள், மெஷின் வெள்ளையை ஆடும்.

பின்சேர்க்கை

பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்: "தம்பி, எங்க வீட்டு மெஷின்ல ஒரு வரிசை மட்டும் அழுத்தினா கேட்குது இல்ல." பலகைக்கு அடியில் மெல்லிய சவ்வு போன்ற சுவிட்ச் இருக்கிறது, மிஸ்ட்டும் ஈரமும் ஏறினால் இப்படி ஆகும். காய்ந்த இடத்தில் சில நாள் வைத்துப் பாருங்கள் என்றேன். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். பிறகு, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய பெட்டியில் வையுங்கள். துணிக்குப் போடும் பூச்சி உருண்டை பக்கத்தில் இருக்கக் கூடாது, சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். காய வைத்தும் அந்த வரிசை கேட்கவில்லையென்றால் சவ்வின் இணைப்பு விட்டிருக்கலாம். ரேடியோ திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.